எரிந்த மோட்டாரும் வாரண்டி கார்டும்



நம் கோயமுத்தூரை பம்ப்செட் ஊர் என்று சொன்னால் அது மிகையாகாது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மோட்டார் செய்து காட்டினார்கள். இன்று கணபதி, பீளமேடு பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் லேத் சத்தம்தான். நம் வகுப்பில் பாதிப் பேர் நாளை அந்தக் கம்பெனிகளில்தான் வேலைக்கு நிற்கப் போகிறோம். மோட்டாரை எப்படிச் செய்வது என்று ஆறு செமஸ்டர் படிக்கிறோம். விற்ற மோட்டார் ஒரு வருஷத்துக்குள் எரிந்து போனால் என்ன நடக்கும் என்பது மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை!

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அன்னூர் பக்கம் மூணு ஏக்கர் வாழை, ஒரு போர். இங்கிலீஷில் இருக்கும் வாரண்டி கார்டைப் படித்துச் சொல்வது வீட்டில் என் வேலை. இப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் "தம்பி, இதுல என்னங் போட்டிருக்குது?" என்று கார்டோடு வந்துவிடுகிறார்கள். அப்படிப் படித்ததில் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. போருக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் செட்டை நாம் ஒரே சாமான் என்று நினைக்கிறோம். ஆனால் மோட்டாரும் பம்பும் ஒரு கம்பெனி, கேபிள் வேறு கம்பெனி, பைப் இன்னொன்று, ஸ்டார்ட்டர் பேனல் மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் வாரண்டி தனித்தனி. கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் ஏறி மோட்டார் போனால் மோட்டார்காரர் கேபிளைக் காட்டுவார், கேபிள்காரர் ஜாயிண்ட் போட்ட மெக்கானிக்கைக் காட்டுவார். மெக்கானிக்கிடம் பில்லே இருக்காது.

அடுத்தது காலக் கணக்கு. பல கார்டுகளில் விற்ற நாளிலிருந்து 12 மாதம், அல்லது ஃபேக்டரியை விட்டுக் கிளம்பி 15 அல்லது 18 மாதம், எது முந்துகிறதோ அது என்று இருக்கும். டீலர் கடையில் ஒரு வருஷம் தூங்கிய மோட்டாரை வாங்கினால் நமக்கு மிஞ்சுவது சில மாதம்தான். வாங்கும்போதே நேம் பிளேட்டில் உள்ள சீரியல் நம்பரைப் பார்த்துக் கார்டில் எழுதி, தேதியோடு சீல் வாங்கிவிட வேண்டும். போரிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலி, வண்டி வாடகை, காய்ந்த பயிர் இதெல்லாம் கார்டில் வராது. மணல் தின்ற இம்பெல்லரும் 'தேய்மானம்' என்று தள்ளுபடிதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சர்வீஸ் சென்டரில் வாரண்டி உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது கார்டு அல்ல, எரிந்த வைண்டிங்தான். மோட்டாரைத் திறந்ததும் எந்தச் சுருள் கருகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஸ்டார் கனெக்‌ஷனில் ஒரு லைன் அறுந்தால் மீதி இரண்டு ஃபேஸ் சுருள்களே மொத்தச் சுமையையும் இழுக்கும். கரண்ட் சுமார் 1.73 மடங்கு ஏறும். அந்த இரண்டும் கருகி, மூன்றாவது புதுசு போலவே இருக்கும். டெல்டாவில் நேர் எதிர், ஒன்று கருகும், இரண்டு தப்பும். இதுதான் சிங்கிள் ஃபேஸிங். இதற்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது. த்ரீ ஃபேஸ் சில மணி நேரமே வந்த காலத்தில் கன்டென்சர் போட்டு டூ ஃபேஸில் ஓட்டிப் பழகியவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அதனால் எரிந்த மோட்டார் என்றாலே அந்தச் சந்தேகம் முதலில் வந்துவிடுகிறது.

மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு, அல்லது வோல்டேஜ் குறைவு. இங்கே நமக்கு ஒரு பிடி உண்டு. சப்மெர்சிபிள் மோட்டாருக்கான ஐ.எஸ். 9283 தரம், வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்தாலும் 6 சதவீதம் கூடினாலும் மோட்டார் தாங்க வேண்டும் என்கிறது. அதாவது 415 வோல்ட் மோட்டார் ஏறத்தாழ 353-லிருந்து 440 வரை ஓட வேண்டும். "உங்க ஊர்ல வோல்டேஜ் 380 தானுங்க" என்று சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது.

ஒரே ஸ்லாட்டில் ஒரு புள்ளி மட்டும் உருகி, மற்ற சுருளெல்லாம் நல்லா இருந்தால் அது இன்சுலேஷன் குறையாக இருக்கலாம், இடி மின்னலில் வந்த சர்ஜாகவும் இருக்கலாம். சண்டையெல்லாம் இந்த இடத்தில்தான்.

எங்கள் மோட்டார் போன சித்திரையில், வாங்கிய எட்டாவது மாதம் நின்றது. வாழை தார் தள்ளுகிற நேரம். டவுனில் வைண்டிங் கடைக்காரர் ரெண்டே நாளில் கட்டித் தருகிறேன் என்றார். அப்பாவும் கிளம்பிவிட்டார். நான்தான் மறித்தேன். கம்பெனிக்கு வெளியே திறந்தால் வாரண்டி போய்விடும் என்பது மட்டுமல்ல, எரிந்த வைண்டிங்கை வெட்டி எடுத்த பிறகு எது எரிந்தது என்பதற்குச் சாட்சியே கிடையாது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தோம். மூன்றாம் நாள் ரிப்போர்ட்டில் 'சிங்கிள் ஃபேஸிங்' என்று எழுதி, அப்பாவிடம் கையெழுத்து கேட்டார்கள். வைண்டிங்கைக் காட்டுங்கள் என்றேன். ஒரே ஸ்லாட்டில்தான் கருகல், மூன்று ஃபேஸின் மற்ற சுருள்களும் பளிச்சென்று இருந்தன. போட்டோ எடுத்தேன். எங்கள் பேனலில் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் இருந்தது, அதன் பில்லும் இருந்தது. இறக்கிய அன்று மூன்று ஃபேஸின் ஆம்பியரையும் மெக்கர் ரீடிங்கையும் கார்டின் பின்னால் எழுதி மெக்கானிக்கிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். மேலே இருப்பவரிடம் போனில் பேசிவிட்டு, இலவசமாகவே கட்டித் தந்தார்கள். மொத்தம் பதினோரு நாள். அதற்குள் கடைசி ரெண்டு வரிசை வாழை மடங்கிவிட்டது. அதற்கு யாரும் காசு தரவில்லை.

ரிப்போர்ட் எழுதிய அந்த அண்ணனும் டிப்ளமோ படித்தவர்தான். ஒரு நாளைக்கு எத்தனை மோட்டார் பார்க்கிறாரோ, திறக்காமலே எழுதப் பழகியிருப்பார். அடுத்த வருஷம் அந்த மேஜையில் நம்மில் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.

சர்வீஸ் சென்டரிலேயே முடியவில்லை என்றால்? சட்டம் இருக்கிறது. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ம் வருஷச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. விவசாயி வியாபாரத்துக்கு வாங்குகிறவர், நுகர்வோர் அல்ல என்று சிலர் வாதாடுவார்கள். விதை வழக்கு ஒன்றில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் விவசாயியும் நுகர்வோரே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற இலவச எண்ணில் சொல்லிப் பார்க்கலாம்.

குறையைச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றால் ஆணையமே மோட்டாரை ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான செலவை முதலில் நம்மைக் கட்டச் சொல்லலாம். பம்பும் மோட்டாரும் சோதிக்கிற சிடார்க் ஆய்வகம் கோவையிலேயே இருக்கிறது. சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அத்தனை மாதம் தோட்டம் காத்திருக்காது. வேறு மோட்டார் வாங்கி இறக்கிவிட்டு, எரிந்ததைத் திறக்காமல் அப்படியே சாக்கில் கட்டி, வாரண்டி கார்டு, பில், சர்வீஸ் ரிப்போர்ட் நகலோடு வைத்திருக்க வேண்டியதுதான். பழைய இரும்புக்காரர் வந்து கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.