காலில்லாத நாற்காலி

நான்கு கால் இருப்பதால்தானே நாற்காலி என்று பெயர் வந்தது? ஆனால் ஒரு கால்கூட இல்லாத நாற்காலி ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? அதில் ஆணி இல்லை, திருகு இல்லை, மரச் சட்டமும் இல்லை. அத்தனையும் காகிதம்! அதுவும் குப்பைக்குப் போக வேண்டிய காகிதம்!

"ஐயையோ, உட்கார்ந்தால் என்ன ஆவது?" என்றுதானே கேட்கிறீர்கள்? சற்றுப் பொறுங்கள்.

ஜப்பானில் இஸ்ஸே மியாகே என்று ஓர் ஆடைக் கலைஞர் இருந்தார். மடிப்பு வைத்த ஆடைகளுக்குப் பேர் போனவர். நாம் தினமும் புடவைக்குக் கொசுவம் வைக்கிறோம், அவிழ்த்தால் போயிற்று. அவர் வைத்த மடிப்போ துவைத்தாலும் கலையாது. பாலியெஸ்டர் துணியில், வேண்டிய அளவைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக ஆடையைத் தைத்துக்கொள்வார்கள். அதைக் காகிதத் தாள்களுக்கு நடுவே வைத்து, மடித்து, சூட்டில் அழுத்துவார்கள். ஆடை சிறுத்து, மடிப்பு நிலைத்துவிடும். காகிதத்தின் வேலை அத்தோடு தீர்ந்தது. இப்படி ஏராளமான காகிதம் வீணாகிக்கொண்டிருந்தது.

2008-ல் டோக்கியோவில் மியாகே ஒரு கண்காட்சி அமைத்தார். அதற்காக அந்தக் காகிதத்தை ஓகி ஸாட்டோ என்ற இளைஞரிடம் கொடுத்து, இதில் அறைகலன் செய்து தரும்படி கேட்டார். ஸாட்டோவுக்கு அப்போது வயது சுமார் முப்பது. கட்டடக் கலை படித்துவிட்டு, 2002-ல் 'நெண்டோ' என்ற தொழிற்கூடத்தை ஆரம்பித்தவர். நெண்டோ என்றால் களிமண். எந்த உருவமும் எடுக்கும் அல்லவா?

ஸாட்டோ என்ன செய்தார், தெரியுமா? காகிதத்தைப் பாய் போல் சுருட்டி நிறுத்தினார். மேலிருந்து பாதி வரை நெடுக ஒரு வெட்டு. பிறகு ஏடு ஏடாக வெளிப்புறம் உரித்துவிட்டார். உரிக்க உரிக்க ஆசனம் தானாக உருவாயிற்று. முட்டைக்கோஸ் உரிப்பது போலவே இருந்ததால் 'முட்டைக்கோஸ் நாற்காலி' என்றே பெயர் வைத்தார்கள். நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையிலும் அது இடம் பெற்றுவிட்டது.

காகிதம் ஆளைத் தாங்குமா? வீட்டிலேயே சோதித்துப் பாருங்களேன். இரண்டு புத்தகங்களைச் சிறிது இடைவெளி விட்டு வைத்து, மேலே ஒரு தாளைப் பாலம் போல் போட்டு, காலித் தம்ளரை வையுங்கள். தொபுக்கென்று விழும். அதே தாளை விசிறி போல் மடித்து வையுங்கள். தம்ளர் ஜம்மென்று நிற்கும். மடிப்புக்கு அவ்வளவு பலம்! அந்தக் காகிதத்தில் பிசினும் சேர்ந்திருந்ததால் உறுதி இன்னும் கூடியது.

மியாகே 1938-ல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது ஏழு. மூன்று வருஷத்துக்குள் கதிர்வீச்சுக்குத் தாயைப் பறிகொடுத்தார். வெகுகாலம் அதைப் பற்றி வாய் திறக்காமலே இருந்தார். அழிந்தவற்றை அல்ல, ஆக்கக் கூடியவற்றையே நினைக்க விரும்பியதாக 2009-ல் ஒரு பத்திரிகையில் எழுதினார். 2022-ல் காலமானார்.

ஊரே சாம்பலானதைக் கண்ட மனிதர், கழிவுக் காகிதத்தை ஓர் இளைஞர் கையில் நம்பிக் கொடுத்தார். அது வீண் போகவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை பழைய அட்டைப் பெட்டியைக் கத்தரித்துக் கூடமெங்கும் இறைத்து வைத்திருக்கிறானா? உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். அந்தக் குப்பையில் ஒரு நாற்காலி ஒளிந்திருந்தாலும் இருக்கலாம்!