புதிய இசைக்கு ஒரு வயலின்

வயலின் என்றதும் நம் நினைவில் எழுபவர், பாடகரின் அருகே அமர்ந்து அவரைப் பின்பற்றி வாசிக்கும் பக்கவாத்தியக் கலைஞர். மேனாட்டிலோ வயலின் வித்துவான் பெரிய வாத்தியக் குழுவின் முன் தனித்து நின்று, இசை இயற்றியவர் எழுதியதை எழுதியவாறே வாசிக்கிறார். இதற்கென அமைந்த உருப்படி கான்செர்ட்டோ எனப்படும். பீத்தோவன், பிராம்ஸ் ஆகியோரின் கான்செர்ட்டோக்களை வாசிப்பவருக்குச் சபையும் உண்டு, சன்மானமும் உண்டு. தம் காலத்தவர் எழுதும் புது இசையை ஏற்பவருக்கு இரண்டும் நிச்சயமில்லை.

அவ்வழியை விரும்பி ஏற்றவர் லூயி கிராஸ்னர். 1903-இல் உக்ரைனில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறியவர். 1935-இல் இவர் வியன்னாவின் ஆல்பன் பெர்க்கை அணுகி, 1,500 டாலருக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதித் தருமாறு வேண்டினார். நாஜிகள் ஜெர்மனியில் தம் இசையை ஒதுக்கிவிட்டமையால் பெர்க்குக்குப் பணமுடை இருந்தது, ஆயினும் தயங்கினார். பன்னிரு சுர முறை அறிவுக்கே உரியது, உணர்ச்சியற்றது என்று உலகம் பழிக்கிறது; அப்பழியைத் துடைக்கத் தங்களால்தான் இயலும் என்று வாதாடி இசையச் செய்தார் கிராஸ்னர்.

அது என்ன முறை? ஸ்தாயியிலுள்ள பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் நிறுத்தி, எதற்கும் தலைமை தராமல், அவ்வரிசையிலிருந்தே உருப்படி முழுவதையும் வளர்ப்பது. ஆதார ஷட்ஜத்திலேயே ஊறிய நம் செவிக்கு இது தரையில்லா வீடாகத் தோன்றுவது இயல்பே. பெர்க்கோ வயலினின் நான்கு தந்திகளுக்குரிய சுரங்களையும் தம் வரிசைக்குள் வைத்துக் கட்டினார். எனவே கலைஞர் சுருதி பார்ப்பதுபோல வெறுந்தந்திகளை மீட்டியே தொடங்குகிறார்.

அவ்வாண்டு ஏப்ரலில், பெர்க்கின் நண்பர் குடும்பத்துப் பெண் மனோன் குரோப்பியஸ் பதினெட்டு வயதில் மாண்டாள். அத்துயரில் ஆகஸ்டுக்குள் கான்செர்ட்டோவை முடித்தார் பெர்க். டிசம்பர் 24-இல் அவரும் மறைந்தார். தம் படைப்பை அவர் கேட்கவேயில்லை.

1936 ஏப்ரல் 19-இல் பார்சிலோனாவில் அரங்கேற்றம். குழுவை நடத்த வந்த நண்பர் வெபர்ன் துயர் தாளாது ஒத்திகையிலேயே விலகினார். ஹெர்மன் ஷெர்ஷன் கடைசி நேரத்தில் பொறுப்பேற்றார். மே 1-இல் இலண்டனில் பிபிசி குழுவை வெபர்னே நடத்தினார். கிராஸ்னர் 1940-இல் ஷோன்பெர்க்கின் கான்செர்ட்டோவையும் பிலடெல்பியாவில் முதன்முதல் வாசித்தார். பிறகு மினியாபோலிஸ் குழுவில் முதல் வயலினாகவும், சிரக்யூஸில் ஆசிரியராகவும் பணிபுரிந்து 1995-இல் காலமானார்.

இலண்டன் கச்சேரியின் ஒலித்தட்டுகளை அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருந்தார். 1990-களில் அவை குறுந்தட்டாக வெளிவந்தன. இரைச்சலும் கீறலும் மிகுதி. ஆனாலும் நண்பரை இழந்து நான்கு திங்களே ஆன வெபர்ன், அவ்விசையை எத்துணை நிதானமாக நடத்திச் செல்கிறார் என்பதை நாம் இன்றும் கேட்கலாம்.