ஆவிக்குள் மாட்டிக்கொண்ட வெளிச்சம்

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வாரம் ஒரு டிடெக்டரைத் திட்டித் தீர்த்தேன். தப்பு அதன்மேல் இல்லை.

வேலை என்னவோ எளிதுதான். சின்னக் கண்ணாடிக் குப்பியில் ரூபிடியம் ஆவி. 780 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சிச் சட்டென்று நிறுத்தினால், அணுக்கள் வாங்கிய ஒளியைத் திருப்பி உமிழும். அது எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளக்க வேண்டும். ஓர் அணு ஒளியைச் சராசரியாக 26 நானோநொடிதான் வைத்திருக்கும். அறை வெப்பநிலையில் கிட்டத்தட்ட அதுவே வந்தது. குப்பியைச் சூடாக்கச் சூடாக்க நேரம் நீண்டுகொண்டே போனது. டிடெக்டரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். ம்ஹூம்.

நடந்தது இதுதான். சூடானால் ஆவி அடர்த்தியாகும். 120 டிகிரி செல்சியஸில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஏறக்குறைய 15 லட்சம் கோடி அணுக்கள். ஓர் அணு விட்ட ஃபோட்டானை, அதே நிறத்துக்குக் காத்திருக்கும் இன்னொரு அணு பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் வைத்திருந்து ஏதோ ஒரு திசையில் விடுகிறது. மறுபடி இன்னொன்று பிடிக்கிறது. கல்யாண மண்டபத்திலிருந்து கிளம்புகிறவனை இரண்டடிக்கு ஒரு சொந்தக்காரர் கையைப் பிடித்து நிறுத்துவார்களே, அந்த மாதிரி. நான் அளந்தது அணுவின் ஆயுளை அல்ல, ஃபோட்டான் வாசலுக்கு வந்து சேர எடுத்த நேரத்தை.

புரிந்துவிட்டது என்று கணக்குப் போட்டேன். அங்கேயும் சறுக்கினேன். சராசரி அடி 0.1 மில்லிமீட்டர், தாண்ட வேண்டியது 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திசை தெரியாமல் நடப்பவனுக்கு 100 அடி தூரம் போக 100 × 100, அதாவது 10,000 அடி தேவை. ஆக 260 மைக்ரோநொடி. உண்மையில் வெளிச்சம் சில மைக்ரோநொடிகளிலேயே வெளியே வந்துவிடுகிறது!

இதே மாதிரிக் கணக்கை 1920-களில் கார்ல் காம்ப்டன் (ஆர்தர் காம்ப்டனின் அண்ணன்) பாதரச ஆவிக்குப் போட்டிருந்தார். அது ஏன் பொருந்தாது என்பதை 1947-இல் தியோடர் ஹோல்ஸ்டீன் தெளிவாக்கினார். அணுக்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதனால் டாப்ளர் விளைவு ஒவ்வொரு ஃபோட்டானின் நிறத்தையும் துளி நகர்த்துகிறது. நடு நிறத்தில் பிறந்தது பக்கத்திலேயே மாட்டும். ஓரத்து நிறத்தில் பிறந்ததை யாருக்கும் அடையாளம் தெரியாது. ஒரே தாவலில் வெளியே. அதாவது இங்கே 'சராசரி அடி' என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. ஆயிரம் குட்டி அடிகளை விட, எப்போதோ வரும் ஒரு நீண்ட தாவல்தான் விடுதலையைத் தீர்மானிக்கிறது. லெவி பாய்ச்சல் எனப்படும் இந்த நடையை, 2009-இல் ரூபிடியம் ஆவியிலேயே நேரடியாக அளந்து காட்டினார்கள்.

ஹோல்ஸ்டீன் வேலை பார்த்தது வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில். விளக்குத் தயாரிப்பவர்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை. டியூப் லைட்டுக்குள் பாதரசம் விடும் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியும் இப்படித்தான் கைமாறிக் கைமாறி உள்பூச்சை அடைகிறது. வழியில் ஓர் எலக்ட்ரான் மோதினால் அந்த ஆற்றல் வெளிச்சமாகாமலே போய்விடும். பாதரச ஆவி குறைந்தாலும் நஷ்டம், கூடினாலும் நஷ்டம். டியூப் அளவுக்கு மீறிச் சூடானால் மங்குவது இதனால்தான்.

அந்த டிடெக்டரை இன்னும் பயன்படுத்துகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.