எல்லைச் சாவடியும் சரக்குக் கணிப்பும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலுள்ள நல்லேப்பிள்ளிக்குத் தமிழக எல்லை வெகு தொலைவன்று. வீடு கட்டுவோருக்குச் சிமெண்டு, கடைக்காரருக்குக் காய்கறி எனக் கிழக்கிலிருந்து பாலக்காட்டுக்கு வரும் சரக்குப் பலவகை. 2017 ஜூலை 1-ஆம் நாள் சரக்கு-சேவை வரி நடப்புக்கு வரும்வரை, வாளையாற்று வணிகவரிச் சாவடியில் லாரிகள் வரிசை பிடித்து நின்றதை வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் ஊருக்குப் போகும் வழியில் கண்டிருப்பர். லாரி என்று வந்து சேருமென்று அறுதியிட இயலாதபோது வணிகர் என்செய்வார்? தேவைக்கு மேலாகவே வாங்கி அடுக்குவார். மழையின் ஈரத்தில் சிமெண்டு கட்டிதட்டினால் முதலும் போயிற்று.

சாவடி நீங்கியது, கட்டுப்பாடு நீங்கவில்லை. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் கடக்க ‘இ-வே பில்’ என்னும் மின்னணுச் சீட்டு வேண்டும். 2021 முதல் அதன் கெடு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். ஆகவே சிமெண்டு வரும் நாளை ஓரளவு கணிக்கலாம்.

புதிய காய்கறிக்கு இச்சீட்டுத் தேவையில்லை. எனினும் கணிப்பு அங்கேதான் கடினம் என்போம். ஓணத்துக்கு முன்னாள் போதாத வெண்டைக்காயை, மறுநாள் எஞ்சினால் வாங்குவார் யார்?