பெயரை எழுதிவைக்கும் பணி

இடம்பெயர்ந்தோருக்குத் திருச்சபையின் உதவி என்றால் அரிசியும் பாயுமே நினைவுக்கு வரும். மட்டக்களப்பில் நடந்த வேறொரு பணியைச் சம்மாந்துறைப் பக்கத்து வயற்காரரும் அறிந்திருப்பது நல்லது.

1948இல் மட்டக்களப்புக்கு வந்த இயேசு சபைக் குரு வண. பிதா ஹாரி மில்லர், யுத்த காலத்தில் சமாதானக் குழுவினரோடு சேர்ந்து காணாமற்போனோர் விபரங்களைப் பதிந்துவந்தார். இத்தகைய பணியில் ஆபத்து அதிகம். பிரஜைகள் குழுத் தலைவராயிருந்த வண. பிதா சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூனில் சுட்டுக்கொல்லப்பட்டார். வண. பிதா யூஜின் ஹெபயர் 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார்.

காணி விடயத்திலும் இப்படி எழுதிவைப்பது பயன் தரும். பெர்மிட்டோ உறுதியோ தொலைந்திருந்தால், உங்கள் குருவானவரிடமோ போதகரிடமோ சென்று, எந்த வட்டை, எந்த வாய்க்கால், அப்போதிருந்த வட்டவிதானை யார், எல்லைக் காணிக்காரர் யார், கடைசியாக எந்தப் போகம் விதைத்தீர்கள் என்பவற்றைச் சொல்லி எழுதுவியுங்கள். பிரதியொன்றை நீங்கள் வைத்திருங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும்போது கூட ஒருவரை அனுப்பும்படியும் கேளுங்கள். தனியே போனவரிடம் “நாளைக்கு வாங்க” என்பது எளிது.

பள்ளிவாசலுக்குப் போகிறவர் வந்து கேட்டாலும் அதே கொப்பியில் எழுத வேண்டும். உங்கள் எல்லைக்குச் சாட்சி சொல்லக்கூடியவர் பல இடங்களில் அவர்தானே!