பழைய நெடும்பயண மோட்டார் சைக்கிளின் வேகம்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டவுடன், "இஃது எவ்வளவு வேகம் போகும்?" என்று வினவாத இளைஞர் அரியர். வினா எளிது, விடையோ ஓர் எண்ணைச் சொல்லி முடித்தற்கு உரியதன்று. எஞ்சினின் ஆற்றல், சக்கரத்தின் அளவு, காற்றின் தடை, ஏறியிருப்பவன் அமரும் விதம், பிரேக்கின் வலிமை ஆகிய யாவும் அவ்விடையிற் கலந்து நிற்கின்றன. இவற்றை விளக்குதற்கு, நெடும்பயணத்திற்கு ஏற்றதெனத் தன் காலத்திற் பெரும்புகழ் எய்திய வின்சென்ட் வண்டியை எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்து தேசத்து ஸ்டீவனேஜ் என்னும் ஊரிலே, பிலிப் வின்சென்ட் என்பார் நிறுவிய தொழிற்சாலையில், ஆஸ்திரேலியரான பில் இர்விங் என்னும் பொறிவல்லாரின் துணைகொண்டு இவ்வண்டிகள் உருவாயின. 1946-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் வரிசை 'ராப்பீட்' வண்டியின் எஞ்சின், 'வி' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவாய் நின்ற இரண்டு சிலிண்டர்களை உடையது. அதன் கொள்ளளவு 998 கன சென்டிமீட்டர். ஆற்றல் 45 குதிரைச் சக்தி. அதனையே செப்பஞ் செய்து, 55 குதிரைச் சக்தியுடன் 'பிளாக் ஷாடோ' என்னும் பெயரால் 1948-இல் வெளியிட்டனர். முன்னதன் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 110 மைல் என்றும், பின்னதன் உச்ச வேகம் 125 மைல் என்றும் கூறப்பட்டன.

இவ்வெண் எங்ஙனம் வந்தது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். பிளாக் ஷாடோவின் எஞ்சின் நிமிஷத்திற்கு 5,700 முறை சுழலும்போது தன் முழு ஆற்றலையும் தரும். உச்ச கியரில் எஞ்சின் மூன்றரை முறை சுழன்றால் பின்சக்கரம் ஒரு முறை சுழலும். ஆகவே, சக்கரம் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 1,630 சுற்றுச் சுழல்கின்றது. டயரோடு கூடிய சக்கரத்தின் விட்டம் சுமார் 26 அங்குலமாதலின், ஒரு சுற்றில் வண்டி 6.8 அடி செல்லும். இவற்றைப் பெருக்கி மைலாக மாற்றின், மணிக்கு ஏறக்குறைய 126 மைல் என வரும்.

அங்ஙனமாயின், கியரை மாற்றிச் சக்கரத்தை இன்னும் விரைந்து சுழலச் செய்தல் ஆகாதோ என ஒருவர் வினவலாம். ஆகாது, காற்று அதனைத் தடுக்கின்றது. வேகம் இருமடங்காயின் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வென்று செல்லுதற்கு வேண்டும் ஆற்றலோ எட்டு மடங்காகும். அறுபது மைல் வேகத்தில் காற்றைப் பிளந்து செல்லப் போதுமான ஆற்றலைப் போல் எட்டுப் பங்கு இருந்தாலன்றி 120 மைலை எட்டுதல் இயலாது. ராப்பீட்டைவிட ஷாடோவின் ஆற்றல் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு மிகுந்திருந்தும், வேகம் நூற்றுக்குப் பதினான்கு பங்கேனும் மிகாமற்போனதற்கு முதன்மையான காரணம் இதுவே.

காற்றின் வலிமைக்கு வியத்தகு சான்று ஒன்றுண்டு. 1948-ஆம் ஆண்டு செப்டெம்பர் 13-ஆம் நாள், அமெரிக்காவின் யூட்டா மாகாணத்துப் பான்வில் உப்புவெளியில், ரோலி ஃப்ரீ என்பார் பந்தயத்திற்கெனத் திருத்தப்பட்ட வின்சென்ட் வண்டியொன்றைச் செலுத்தினார். தோலுடை அணிந்து ஓட்டியபோது வேகம் 150 மைலுக்குச் சற்றே குறைந்து நின்றது. உடையும் காற்றிற் கிழிந்தது. அவர் அவ்வுடையைக் களைந்து, நீச்சல் உடை மாத்திரம் தரித்து, வண்டியின்மேல் குப்புறப் படுத்துக் கால்களைப் பின்னே நீட்டியவாறு மீண்டும் ஓட்டினார். அப்பொழுது பெற்ற வேகம் 150.313 மைல். எஞ்சின் அதுவே, காற்றிற்கு எதிர்நின்ற பரப்பே குறைந்தது. இச்செயல் வியத்தற்குரியதேயன்றிப் பின்பற்றத் தக்கதன்று.

இனி, பயணம் செல்வோனை நினைமின். அவன் நிமிர்ந்து அமர்கின்றான். பின்னே தோழன் ஒருவனை ஏற்றுகின்றான். இருபுறமும் பைகளைத் தொங்கவிடுகின்றான். இவையெல்லாம் காற்றிற்குத் தடையாகும். எதிர்க்காற்றும் மேட்டுநிலமும் சேருமாயின், விளம்பரத் தாளிற் கண்ட வேகத்தை அவன் காண்பதரிது.

வேகத்தை எட்டுதல் ஒன்று. அதனை அடக்குதல் மற்றொன்று. மணிக்கு 120 மைல் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 176 அடி செல்கின்றது. இடையூற்றைக் கண்டு கை பிரேக்கைப் பற்றுவதற்குள்ளேயே அத்தூரம் கழிந்துவிடும். பின்னர் வண்டி நிற்பதற்கு வேண்டும் தூரம், 60 மைல் வேகத்தில் வேண்டுவதைப் போல் நான்கு மடங்கு. வின்சென்ட் வண்டியில் சக்கரத்திற்கு இரண்டாக நான்கு டிரம் பிரேக்குகள் அமைந்திருந்தன. அவை அக்காலத்தில் மிகச் சிறந்தவை. ஆயினும், மிகுந்த வேகத்தில் அடுத்தடுத்துப் பிடிப்பின் டிரம் சூடேறி விரியும்; பிடிப்புத் தளரும்.

அன்றியும், வின்சென்ட் தொழிற்சாலை மோட்டார் சைக்கிள் செய்வதை 1955-இல் நிறுத்திவிட்டது. இன்று எஞ்சியுள்ள வண்டிகள் யாவும் முதுமை எய்தியவை. பல்லாண்டு நின்ற டயரின் ரப்பர் கடினமாகி வெடிக்கும். ஓயாத அதிர்ச்சியால் உலோகத்தில் கண்ணுக்குத் தோன்றா வெடிப்புக்கள் உண்டாகும். புதிதாய் இருந்தபோது எட்டிய வேகத்தை, இவற்றையெல்லாம் சோதித்து மாற்றாமல் மீண்டும் எட்ட முயல்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். பழைய வண்டி எதற்கும் இது பொருந்தும்.

ஆயின் அவ்வளவு ஆற்றலாற் பயன் யாது? ஷாடோ 60 மைல் வேகத்திற் செல்லும்போது அதன் எஞ்சின் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 2,700 முறையே சுழல்கின்றது. அஃது அதன் முழு ஓட்டத்திற் பாதியினும் குறைவு. ஆதலின் எஞ்சின் வருந்தாது, தேய்வு குறையும், ஏறியிருப்பவனும் நெடுந்தூரம் களைப்பின்றிச் செல்வான். நெடும்பயண வண்டியின் உண்மையான சிறப்பு இதுவே. தந்தையாரோ பாட்டனாரோ வைத்துச் சென்ற வண்டியைப் பெறும் இளைஞர், அஃது எவ்வளவு விரைந்து ஓடும் என்று வினவுமுன், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று அறிந்துகொள்வாராக.