பரீட்சையும் பிராணனும்

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் மாண்ட மாணாக்கர் 13,044 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் போதாதென்று கூறிக் கைகழுவுவோரின் வாதத்தை நாம் ஒப்புவதற்கில்லை.

பரீட்சைத் தோல்வி ஒன்றே காரணமென்பதும் பிழை. குடும்பச் சச்சரவு, பிறர் நகைப்பு, ஒருவரும் அறியாத மனநோய் ஆகியவை கூடி அழுத்தும்போது, பதினாறு வயதுப் பிள்ளை தனக்கு வேறு வழியில்லையென்று நம்பிவிடுகிறது. வழியுண்டென்று காட்டினால் அம்மனம் பெரும்பாலும் திரும்பும். தோற்றவர் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதத் தமிழ்நாட்டில் துணைத் தேர்வு உண்டு. தோல்வி முடிவல்ல என்பதை மெய்ப்பிக்கும் ஏற்பாடு இது.

சட்டமும் இப்பக்கமே நிற்கிறது. உயிர்விட முயன்றவரைத் தண்டனைக்குரியவராகக் கருதாமல், பராமரிக்கும் கடமையைச் சர்க்காரின்மேல் வைத்திருக்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 100 மாணாக்கரோ அதற்கு மேலோ பயிலும் கல்வி ஸ்தாபனங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் இருக்கவேண்டுமென்றும், மதிப்பெண்ணைக் கொண்டு மாணாக்கரைப் பிரித்துவைத்து அவமதிக்கலாகாதென்றும் 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அக்கட்டளை நிறைவேறியதா? கேட்டறிவது பொது ஊழியர் ஒவ்வொருவரின் கடமையென்போம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "சாக நினைக்கிறாயா?" என்று வினவினால் அவ்வெண்ணம் புதிதாய் முளைத்துவிடுமென்று அஞ்சற்க. வினவுவதால் அது முளைப்பதில்லை, மனப்பாரம் குறைகிறது. குறுக்கிடாமல் செவிசாயுங்கள். 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசியில் இரவும் பகலும் இலவச ஆலோசனை கிடைக்கும்.

முதல் வகுப்பில் தேறியவர் மட்டும் தேசத்துக்குப் போதார். தவறி விழுந்து எழுந்தவர்களும் வேண்டும்.